திரையின் இடது ஓரம்

என் தங்கைக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்தபின், அவளுடைய அலமாரியில் இருந்த தாள்களைப் பிரித்துப் பார்க்கும் வேலை என்னிடம் விடப்பட்டது. படித்தவன் என்பதால் குடும்பத்தில் இத்தகைய வேலைகள் எனக்கே வரும். காப்பீட்டுப் பத்திரங்களுக்கும் மின்கட்டண ரசீதுகளுக்கும் நடுவே ஒரு டிவிடி கிடந்தது. எங்கள் மாமாவின் திருமணத்தைப் பதிவுசெய்த தட்டு. அதை என் கணினியில் போட்டு, இடையில் எழுந்திருக்காமல் முழுவதும் பார்த்தேன். இருபத்து சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று அப்போதுதான் அதற்குரிய வரிசையில் எனக்கு விளங்கியது. விளங்கியதை எழுதிவைக்கிறேன். அதில் நான் நல்லவனாக வரவில்லை.

அப்போது எனக்குப் பதினான்கு வயது, தங்கைக்குப் பதினொன்று. கரடியூர்ச் சாலையில் இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா ரைட்டராக இருந்தார். ஆட்களின் வருகையைப் பதிவதும், பறித்த பழத்தை நிறுப்பதும், கிடங்குச் சாவிகளைக் காப்பதும் அவர் வேலை. வீட்டையும் அவர் ஏறக்குறைய அதே முறையில்தான் நடத்தினார். நான் ஏற்காடு டவுனில் ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். தங்கை பக்கத்திலிருந்த தமிழ்ப் பள்ளிக்கு நடந்து போனாள். இருவரையும் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் வசதியில்லை என்பதை, என் தகுதிக்குக் கிடைத்த சான்றிதழாகவே நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் செம்மநத்தம். அவருக்கு இரண்டு சகோதரர்கள். பெரிய மாமா ஊரிலேயே இருந்து காட்டைப் பார்த்துக்கொண்டார். சின்ன மாமா மஸ்கட்டில் மின்பொருள் கிடங்கு ஒன்றில் வேலை செய்தார். சின்ன மாமாவின் திருமணம் செம்மநத்தத்தில் நடந்தபோது, அவருடன் விடுப்பில் வந்திருந்த நண்பர் ஒருவர் வெளிநாட்டுக் கேமராவில் அதைப் படம் எடுத்தார். அது நடந்த ஏழாவது மாதம் அம்மாவின் தகப்பனார், நாங்கள் அப்புச்சி என்று அழைத்தவர், இறந்துபோனார். மாமாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அப்புச்சியின் முகம் என்று எங்களிடம் எஞ்சியிருந்தது, ரேஷன் கார்டுக்காக எடுத்த தபால்தலை அளவுப் படம் ஒன்றுதான். யாரோ அதட்டி உட்காரவைத்ததுபோல அதில் அவர் இருப்பார்.

அடுத்த விடுப்பில் மாமா வரும்போது ஒரு டிவிடி பிளேயரும், திருமணப் படத்தைத் தட்டாக மாற்றியதும் கொண்டுவந்தார். தட்டின் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. அம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கேட்டார்.

"அப்பா இதுல இருக்காராடா? நடக்கறதெல்லாம் தெரியுமா?"

"தெரியுமுங்க்கா. அங்க தனியாப் போட்டுப் பாக்க மனசு வரல. அண்ணனும் வரட்டும், எல்லாருமா ஒக்காந்து பாப்போம்."

பெரிய மாமா குடும்பத்தோடு வர அடுத்த ஞாயிறு ஆகும். அதுவரை பிளேயரை மட்டும் பழகுவது என்று முடிவாயிற்று. அப்போது மாமா ஒரு விளையாட்டு வைத்தார். பெட்டியின் முதுகிலும் ரிமோட்டிலும் திரையிலும் வரும் ஆங்கிலச் சொற்கள் அவருக்கே பாதி விளங்கவில்லையாம். தாம் திரும்பப் போவதற்கு முந்திய ஞாயிறன்று அந்தச் சொற்களுக்கு யார் சரியாகப் பொருள் சொல்கிறார்களோ, ரிமோட் அவர்கள் கையில். வேறு யாரும் அவர்கள் அனுமதியில்லாமல் தொடக்கூடாது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தே சிரித்தார். முடிவு தெரிந்த பந்தயம் என்று நானும் சிரித்தேன்.

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் சொல்விளக்கம் என்று ஒரு பகுதி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். புதிய நோட்டில் சொற்களைச் சிவப்பு மையிலும் பொருளை நீல மையிலும் எழுதத் தொடங்கினேன். மூன்றாவது சொல்லில் நான் இருக்கும்போதே பின்னால், பெட்டியோடு வந்த பாட்டுத் தட்டின் சத்தம் கேட்டது. மஞ்சள் வயரை மஞ்சள் துளையிலும், வெள்ளையை வெள்ளையிலும், சிவப்பைச் சிவப்பிலும் செருகிவிட்டுத் தங்கை தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் வந்தது, படம் மட்டும் கறுப்பு வெள்ளையில் மேலும் கீழும் ஓடியது. பெட்டி கெட்டுவிட்டது என்று அப்பா சொன்னார். நான் நோட்டைப் புரட்டி, இந்தியாவில் வழங்கும் வண்ண ஒளிபரப்பு முறைக்கு பால் (PAL) என்றும் அமெரிக்காவில் வழங்குவதற்கு என்டிஎஸ்சி என்றும் பெயர் எனத் தெரிவித்தேன். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவள் ரிமோட்டில் ஏதோ இரண்டு முறை அழுத்தினாள். படம் நின்று, நிறம் வந்தது.

"அது வேற நாட்டு டிவின்னு நெனச்சுக்கிச்சு. நம்ம டிவின்னு சொல்லிட்டேன்" என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நான் சொன்னதும் அவள் செய்ததும் ஒன்றுதான் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மாமா அவள் தலையில் கைவைத்து ஆட்டினார். அவளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் போன முதல் முறை அது. பொறாமை என்ற சொல்லை அதற்கு நான் வைக்கவில்லை. ஒழுங்கு மீறப்பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரம் முழுவதும் அப்படியே நடந்தது. ஒவ்வொரு சொல்லையும் நான் மனப்பாடம் செய்தேன். அவள் அதைத் தனக்குத் தெரிந்த ஏதாவதொன்றாக மாற்றிக்கொண்டாள். ரீஜன் கோடு என்றால் என்ன என்று பக்கத்து வீட்டு டிரைவர் கேட்டபோது நான் உலக மண்டலங்களை வரிசையாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அவளைப் பார்த்தார். ஒரு எஸ்டேட் கேட்டுச் சாவி இன்னொரு எஸ்டேட் கேட்டுக்கு ஆகாதில்லையா, அந்த மாதிரி என்றாள். வெடிச் சத்தத்தை அடக்கிப் பேச்சைத் தூக்கிக் காட்டும் அமைப்புக்கு நீண்ட பெயர் ஒன்று இருந்தது. அதை நான் பிழையில்லாமல் உச்சரித்தேன். ஊட்டுல யாராச்சும் தூங்குனா இதைப் போட்டுக்கலாம் என்று அவள் முடித்துவிட்டாள். டவுனிலிருந்து வந்த அப்பாவின் நண்பர்கூட, "ஏனுங்க ரைட்டரே, அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க, அதுக்குத்தான் நொம்ப வெவரம்" என்றார். நான் அந்த அறையிலேயேதான் இருந்தேன்.

ஞாயிறன்று பெரிய மாமாவும் அத்தையும் காலை பஸ்ஸில் வந்தார்கள். கல்யாணத்தில் பெற்றோர் இடத்தில் அமர்ந்து சடங்குகளைச் செய்தது அவர்கள்தான். அப்புச்சி மனைவியை இழந்தவர். அப்படிப்பட்டவர் மணவறையில் தகப்பன் இடத்தில் உட்காருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஆகவே மூத்த மகனும் மருமகளும் உட்கார்ந்தார்கள். அப்புச்சி பந்தல்காலை ஒட்டி ஒதுங்கி நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்தார். இதில் யாருக்கும் மனக்குறை இருந்ததாக நினைவில்லை. அவருக்கே இருந்ததா என்று யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

தட்டைத் தங்கைதான் போட்டாள். பூக்களும் இதயங்களும் சுழலும் முகப்புப் படம் வந்தது. திரையின் மேலும் கீழும் அகலமான கறுப்புப் பட்டைகள். பெரிய மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

"அரை டிவியக் கறுப்புத்துணி போட்டுக் கட்டிட்டா எப்படிப் பாக்கறதுங்க? எங்க மூஞ்சியே சின்னதாத் தெரியுமே."

எனக்கு நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தது. எழுந்து நின்று, இது லெட்டர்பாக்ஸ் எனப்படும் அமைப்பு என்றும், இதை விடுத்து பான் ஸ்கேன் என்ற அமைப்புக்கு மாற்றினால் படம் திரையை முழுவதும் நிரப்பும் என்றும் சொன்னேன். ரிமோட்டை அவள் கையிலிருந்து வாங்கினேன். அவள் உடனே விடவில்லை.

"வேண்டாங்ண்ணா. ஓரம் வெட்டுப்பட்டுப் போயிரும்."

"ஓரத்துல என்ன கெடக்குது?" என்றேன்.

பான் ஸ்கேன் முறையில் படத்தின் இடது வலது ஓரங்கள் தாமாக நீக்கப்படும் என்று என் நோட்டில், நீல மையில், என் கையெழுத்தில் இருந்தது. அதை நான் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். மாற்றினேன். கறுப்புப் பட்டைகள் மறைந்தன. மணவறை திரையை அடைத்துக்கொண்டு பெரிதாக வந்தது. பெரிய மாமா தம் முகத்தைப் பார்த்து மகிழ்ந்து, படிச்ச பையன் படிச்ச பையன்தான் என்றார். அந்த ஒரு வாரத்தில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட முதல் நல்ல சொல்.

படம் ஒரு மணி நேரம் ஓடியது. அம்மா முன்னால் உட்கார்ந்து, முந்தானையை விரலில் சுற்றியபடி, ஒவ்வொரு கூட்டத்திலும் தேடினார். அப்புச்சி வரவில்லை. ஓரிரு முறை திரையின் இடது விளிம்பில் ஒரு வெள்ளைத் துண்டின் முனை ஆடியது; ஒரு முறை சந்தனக் கிண்ணத்தைப் பிடித்த விரல்கள் தெரிந்து மறைந்தன. எனக்கு உடனே புரிந்தது. இதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: எனக்குப் புரிந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அழுத்தினால் அவள் சொன்னது சரியாகிவிடும். எல்லோர் முன்னாலும், பெரிய மாமா என்னைப் பாராட்டிய பத்து நிமிடத்துக்குள். தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

முடிந்ததும் அம்மா, அப்பா எங்கடா என்று சின்ன மாமாவைக் கேட்டார். மாமாவின் முகம் விழுந்துவிட்டது. ஒதுங்கி நின்னவரை அந்தப் பாவி எடுக்காமலே விட்டுட்டான் போலிருக்கு என்று நண்பரைத் திட்டினார். அம்மா சரி என்று எழுந்து சமையலறைக்குப் போனார். அன்று மதியச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பு இல்லை.

பந்தயம் முடிந்ததும் எப்படியாவது காட்டிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் ஐந்து வாரம்தான்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ் பிடித்து நான் வீடு சேர மாலை ஐந்தரை ஆகிவிடும். தங்கை நான்கு மணிக்கே வந்துவிடுவாள். ஒருநாள் நோட்டை எடுக்கப் போனபோது பிளேயரின் மேல்தகட்டில் கை பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அமைப்பை எடுத்துப் பார்த்தேன். நான் வைத்த பான் ஸ்கேனிலேயே இருந்தது. என் அமைப்பை மாற்றவில்லை என்றால் அவள் வேறு எதற்காகப் போடுகிறாள்? எனக்குத் தெரியாமல் பந்தயத்துக்குப் பழகுகிறாள் என்ற விடையைத் தவிர வேறொன்றும் என் மனத்தில் எழவில்லை. படிப்பில் நான் இருக்கிறேன், சரி. படிக்காமலே அறிவதில் அவள் இருக்கிறாள். இப்போது உழைக்கவும் தொடங்கிவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்?

அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு அனுமதியில்லாமல் எதுவும் இயங்கக்கூடாது. அவளை நிறுத்திக் கேட்டார்.

"எதுக்குத் தெனமும் போடற?"

"சும்மாங்கப்பா."

"சும்மாவா?"

அம்மா ஈரக் கையோடு வாசற்படி வரை வந்து, புள்ளைய விடுங்க, அது எனக்காக என்று ஏதோ தொடங்கினார். தங்கை திரும்பி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா நிறுத்திக்கொண்டார். தாய்க்கும் மகளுக்கும் இடையில் அப்படி ஒரு பேச்சு, வாய் திறக்காமல், இருப்பதைக் கண்டு எனக்கு இன்னும் எரிந்தது. அம்மா எனக்காக வாசற்படி வரை வந்த நாள் எது என்று கணக்குப் பார்த்தேன். அப்பா பிளேயரையும் தட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை எஸ்டேட் சாவிகளோடு கோர்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். பந்தய நாளில்தான் இனித் திறக்கும் என்றார்.

பெட்டி மூன்று வாரம் பீரோவில் இருந்தது. அந்த நாட்களில் அம்மா நான்கு மணி வாக்கில் முன்னறைக்கு வந்து, செய்வதற்கு ஒன்றும் இல்லாதவர்போல் சிறிது நேரம் நிற்பதாக வேலைக்கு வந்த அக்கா ஒருத்தி சொன்னாள். குளிர்காலம், மூட்டு வலியாக இருக்கும் என்று அப்பா நினைத்தார். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

பந்தய நாளன்று நான் முப்பத்திரண்டு சொற்களுக்கும் பொருள் சொன்னேன். ப்ராக்ரெஸிவ் ஸ்கேன், கோஆக்ஸியல், ஆஸ்பெக்ட் ரேஷியோ, எல்லாம். ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை. மாமா நோட்டை வைத்துச் சரிபார்த்து, வெளுத்துக் கட்டிட்டான் பாரு என்று தொடையைத் தட்டிக்கொண்டார். பிறகு தங்கையைப் பார்த்து, நோட்டில் கண் விழுந்த இடத்திலிருந்து ஒன்றைக் கேட்டார். அது பான் ஸ்கேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னை.

"தெரியலைங்க மாமா" என்றாள்.

எல்லோர் முன்னாலும் அவளே ஒருமுறை சொன்ன பொருள் அது. மாமா மறந்திருந்தார். அவள் மறந்திருக்க வழியில்லை. பயத்தில் விட்டுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். மாமா ரிமோட்டை நெகிழி உறை போட்டு என் கையில் கொடுத்தார். வென்றவனுக்குத் தோற்றவள்மேல் பொறாமை வருமா என்று கேட்டால், வரும். அன்று அம்மா பணியாரத்தின் முதல் ஈட்டை அவள் தட்டில்தான் வைத்தார். மாமா புறப்படும்போதும் அவளைத்தான் அருகில் இழுத்து, போவுது விடு சாமி என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ரிமோட் இருந்தது.

அடுத்த விடுமுறை நாளில், வீட்டில் அப்பா இல்லாத மதியத்தில், என் பெருந்தன்மைக்கு நேரம் வந்தது. இனிப் போட்டிக்கு யாரும் இல்லை. ஆகவே அப்புச்சியைக் கண்டுபிடித்துக் கொடுக்கலாம். அம்மாவைக் கூப்பிட்டு, ஒன்று காட்டுகிறேன் என்றேன். அம்மா வந்து உட்கார்ந்தார். தங்கை பின்னால் முறத்தில் அவரையை உரித்துக்கொண்டிருந்தாள். நான் ரிமோட்டை உயர்த்தி, அமைப்பை மாற்றி, தட்டை ஓடவிட்டேன். மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழுந்தன. இது ஏன் இப்படி ஆனது என்று அம்மா கேட்பார், விளக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

மணவறை வந்தது. முன்பு தெரியாத இடது ஓரத்தில், பந்தல்காலை ஒட்டி, தோளில் வெள்ளைத் துண்டோடு அப்புச்சி நின்றார். ரேஷன் கார்டில் இருந்த முகம் இல்லை. யாரையோ பார்த்து, பல் தெரிய, வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் சின்ன மாமா தாலி கட்டினார். மூன்றாவது முடிச்சைப் போட, மாப்பிள்ளையின் அக்காவாக, அம்மாவே மணப்பெண்ணின் பின்னால் குனிந்து நின்றார். அம்மாவின் முதுகு அப்புச்சியின் பக்கம் இருந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல், மெல்லிய குரலில் சொன்னார்.

"இப்பக் கிண்ணத்தைக் கை மாத்திப் புடிப்பாரு பாரு. வலது கை நோவும் அவருக்கு."

அப்புச்சி கிண்ணத்தை இடது கைக்கு மாற்றினார். வலது கையை ஒருமுறை உதறிக்கொண்டார்.

பின்னால் அவரைக்காய் உரிக்கும் சத்தம் நின்றிருந்தது. அம்மா என் பக்கம் திரும்பி, நீ காட்டலைன்னா எனக்கு எங்க தெரியப்போவுது கண்ணு என்றார். தங்கையும், ஆமாங்ண்ணா என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த இடத்தை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மறுபடியும் காட்டினேன். மூன்று முறை காட்டினேன். மூன்று முறையும் திரையில் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, முடிச்சுப் போடுவதிலேயே கண்ணாக இருந்தார். தம் முதுகுக்குப் பின்னால் அப்புச்சி கை மாற்றியதை அம்மா எப்போது பார்த்தார், நான்கு மணிக்கு ஓடிய பெட்டி ஐந்தரைக்கு எப்படி என் அமைப்பிலேயே இருந்தது என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.